நியூரோபிளாஸ்டோமாவும் புரதச் சிதைப்பு மருந்துகளும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் மருந்தியல் மாணவி. நியூரோபிளாஸ்டோமாவில் மிக்-என் புரதத்தை நேரடியாகத் தடுக்கும் மருந்தை உருவாக்குவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

பதில்: பரிவு நரம்பு மண்டலமாக முதிர வேண்டிய கருநிலை உயிரணுக்களில் தோன்றும் இந்தப் புற்றுநோய், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே பெரும்பாலும் தாக்குகிறது. ஏறத்தாழ 20 விழுக்காட்டுக் கட்டிகளில் மிக்-என் மரபணு பல மடங்கு பெருகியிருக்கும். நோயின் கடுமைக்கு அது முக்கியக் காரணம். வழக்கமான மருந்து, புரதத்தின் குழிவொன்றில் பொருந்தி அதன் வேலையை நிறுத்துகிறது. மிக்-என் புரதத்திலோ அத்தகைய ஆழமான குழிவு இல்லை. வேறொரு புரதத்தோடு சேராத வரை அதன் பெரும்பகுதிக்கு நிலையான வடிவமே கிடையாது.

கேள்வி: அப்படியானால் சிதைப்பு மருந்து மட்டும் எதைப் பற்றிக்கொள்ளும்?

பதில்: மிகச் சரியான கேள்வி. 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் க்ரூஸ், டெஷேஸ் ஆகியோரின் குழுக்கள் முன்வைத்த புரோட்டாக் மூலக்கூறு, ஒரு முனையால் இலக்குப் புரதத்தையும் மறு முனையால் யூபிக்விட்டின் லைகேஸ் என்னும் நொதியையும் பிடித்து இரண்டையும் அருகே கொண்டுவருகிறது. லைகேஸ் இலக்கின்மீது யூபிக்விட்டின் என்னும் சிறு அடையாளப் புரதத்தை ஏற்ற, உயிரணுவின் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அந்த இலக்கைச் சிதைத்துவிடுகிறது. மருந்தோ விடுபட்டு அடுத்த புரதத்தை நாடுகிறது. ஆகவே இலக்கின் வேலையை முடக்கும் இடத்தில்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் ஏதோ ஓரிடத்தில் உறுதியான பிடி வேண்டும்.

அதனால்தான் அரோரா-ஏ என்னும் கைனேஸ் வகை நொதி வழியாகச் செல்லும் பாதையை நான் பெரிதும் மதிக்கிறேன். அரோரா-ஏ மிக்-என்னைத் தழுவி நின்று, சிதைவிலிருந்து காக்கிறது என்பது 2009இல் வெளிப்பட்டது. கைனேஸ் வேலையை நிறுத்துவதால் மட்டும் இந்தக் காவல் விலகிவிடாது. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2020இல், அரோரா-ஏயைத் தடுக்கும் அலிசெர்டிப் மருந்தை, லைகேஸைப் பிடிக்கும் தாலிடோமைடு வகை மூலக்கூறோடு இணைத்து, அந்தக் கைனேஸையே அகற்றிக் காட்டினர். தடுப்பு மருந்து உயிரணுப் பிரிவைக் குலைக்க, சிதைப்பு மருந்தோ டிஎன்ஏ இரட்டிக்கும் கட்டத்தைக் குலைத்தது. தடுத்தலும் அகற்றலும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேள்வி: நான் ஒரு தாய். என் மகனுக்கு இந்நோய் இருக்கிறது. இம்மருந்துக்காகக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. மிக்-என்னைக் குறிவைக்கும் சிதைப்பு மருந்து எதுவும் இன்னும் ஒப்புதல் பெறவில்லை. உங்கள் மருத்துவர் வகுத்த சிகிச்சையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் புற்றுநோய் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஜிடி2 என்னும் மூலக்கூறைக் குறிவைக்கும் எதிர்ப்பு மருந்து உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்று அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கருவிலிருந்த குழந்தைகளின் கை கால்களைக் குலைத்த தாலிடோமைடையா குழந்தைகளுக்குக் கொடுப்பது?

பதில்: அச்சம் நியாயமானது. தாலிடோமைடு, ஒரு யூபிக்விட்டின் லைகேஸின் பகுதியான செரிப்ளான் என்னும் புரதத்தைப் பற்றி, சால்-4 போன்ற வேறு புரதங்களையும் சிதைக்கச் செய்கிறது. எலியின் செரிப்ளானில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது உள்ளிட்ட வேறுபாடுகளால் இத்தீங்கு எலியில் வெளிப்படுவதில்லை. எனவே சாதாரண எலிச் சோதனையை மட்டும் நம்பி, வளரும் உடலுக்கு இது பாதுகாப்பானது என்று கூறிவிட முடியாது. மனிதச் செரிப்ளான் பொருத்திய எலிகளிலும் சோதிப்பதையும், விஎச்எல் போன்ற வேறு லைகேஸ்களை முயல்வதையும் நான் கட்டாயமாகவே கருதுகிறேன்.

கேள்வி: அளவைக் கூட்டினால் சிதைப்பும் கூடுமா?

பதில்: ஓரளவு வரை கூடும். அதற்கு மேல், இலக்கை ஒரு மூலக்கூறும் லைகேஸை வேறொரு மூலக்கூறும் தனித்தனியே நிரப்பிக்கொள்வதால், மூன்றும் ஒன்றுசேர்வது குறைந்து சிதைப்பும் தளர்ந்துவிடும்.