கேள்வி பதில்: கான்கார்ட் ஊரின் ‘ஓல்டு மான்ஸ்’ வீடு

கேள்வி (நாகர்கோவில் வாசகி): ஐயா, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டில் ‘ஓல்டு மான்ஸ்’ என்றொரு வீடு உள்ளதே, அது திருச்சபைச் சொத்தா?

பதில்: ‘மான்ஸ்’ என்பது போதகர் குடியிருக்கும் வீடு, உங்கள் பக்கத்தில் பார்சனேஜ் என்பார்களே, அது. ஆனால் போதகர் வில்லியம் எமர்சனுக்காக 1770-இல் எழுந்த இவ்வீடு, 1939 வரை குடும்பச் சொத்தாகவே கைமாறி வந்தது.

கேள்வி (தஞ்சை வாசகர்): அப்படியானால் அவ்வீட்டோடு சேர்த்துப் பேசப்படும் ரிப்ளி குடும்பம் எங்கிருந்து வந்தது?

பதில்: மறுமணத்தால். 1775 ஏப்ரல் 19 அன்று அமெரிக்க விடுதலைப் போரின் முதல் நாள் சண்டை வீட்டை அடுத்த வடக்குப் பாலத்தில் நடந்தது; படைக்குப் போதகராகச் சென்ற வில்லியம் மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். அவருக்குப் பின் அதே சபைக்கு வந்த எஸ்ரா ரிப்ளி, 1780-இல் அவருடைய கைம்பெண் ஃபீபியை மணந்து, 1841-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். ஃபீபியை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், இரு குடும்பங்களையும் அந்த வீட்டோடு பிணைத்தவர் அவர்தான். சிந்தனையாளர் ரால்ஃப் வால்டோ எமர்சன் அவருடைய பேரன்.

கேள்வி (கோவை வாசகர்): எழுத்தாளர் ஹாதோர்ன் வீட்டை விலைக்கு வாங்கினாரா?

பதில்: இல்லை. 1842 ஜூலையில் மணமான கையோடு மனைவி சோஃபியாவுடன் வாடகைக்கு வந்தவர். வாடகையே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. எஸ்ராவின் மகன் சாமுவேல் திரும்பி வர விரும்பியதால் 1845-இல் வெளியேறினார். மூன்றே ஆண்டுகள்; ஆயினும் ‘ஓல்டு மான்ஸ்’ என்ற பெயர் அவர் இட்டது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உரிமையாளரைவிடக் குடித்தனக்காரரே ஊருக்கு நினைவிருப்பது எனக்குச் சற்று வேடிக்கைதான்.

கேள்வி (அதே வாசகர்): சன்னல் கண்ணாடியில் எழுத்து உண்டாமே?

பதில்: உண்டு. சோஃபியா வைர மோதிரத்தால் கீறியவை. உணவறைச் சன்னலில் 1845 ஜனவரி 22 எனத் தேதியிட்டு, மரங்களெல்லாம் பனி உறைந்து கண்ணாடிச் சரவிளக்குகளாக நின்றபோது, பத்து மாதக் குழந்தை யூனா அச்சன்னல் திட்டில் நின்று பார்த்து மகிழ்ந்ததைக் குறித்திருக்கிறார்.

கேள்வி (சேலம் வாசகி): இப்போது யாரிடம் உள்ளது?

பதில்: 1939 முதல் ‘ட்ரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்’ அறக்கட்டளையிடம். புதுமணத் தம்பதியரான ஹாதோர்ன்-சோஃபியாவுக்கு எழுத்தாளர் தோரோ முன்கூட்டியே போட்டுவைத்த காய்கறித் தோட்டத்தை நினைவூட்டும் பாத்திகளையும் அங்கே காணலாம்.