பரிசோதனையில் வாகனம் பெயிலானால்: கேள்வி பதில்

தென் லண்டனில் 16 வருடம் எம்.ஓ.ரி. (பிரித்தானியாவில் வருடாவருடம் வாகனத்துக்குச் செய்யும் கட்டாயப் பரிசோதனை) பரிசோதகராக இருந்துவிட்டு, இப்போது கொக்குவிலில் சின்னக் கராஜ் ஒன்று நடத்துகிறேன். "வாகனத்தைப் பெயிலாக்கிவிட்டார்கள், இது நியாயமா?" என்று ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஊரில் பெரும்பாலும் புகைப் பரிசோதனைதான் பிரச்சினை. வாகனத்தின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க அந்தச் சான்றிதழ் வேண்டும். லொறி, பஸ்காரருக்கு அதற்கு மேலே தகுதிச் சான்றிதழும் உண்டு. லண்டன்காரருக்கு எம்.ஓ.ரி.; அது பிரேக்கிலிருந்து கறள் வரை முழு வாகனத்தையும் பார்ப்பது. எந்தப் பரிசோதனை என்றாலும், பெயில் தாளைக் கையில் வாங்கி முதலில் வாசியுங்கள். வாசித்து முடிக்கும்வரை வாகனத்தில் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

அண்ணை, என்னுடையது பழைய டொல்பின் வேன், டீசல். புகைப் பரிசோதனையில் இரண்டு தரம் பெயில். டீசல் பம்ப் கழற்றிச் செய்யவேண்டும் என்று ஒரு கராஜில் பெரிய தொகை சொல்கிறார்கள். மெசின் பிழையாக இருக்குமோ? (உடுவில்)

மெசின் பிழையாக இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகிப்போம். டீசலுக்குப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வாகனம் நின்றபடியே, கியர் போடாமல், அக்சிலரேற்றரை ஒரே அமுக்காக அடிவரை அமுக்குவார்கள். எஞ்சின் அதன் உச்ச வேகத்துக்குப் போகும். அப்போது வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று மெசின் அளக்கும். இதைச் சில தடவை திரும்பத் திரும்பச் செய்வார்கள். எஞ்சின் குளிராக இருந்தாலோ, சைலன்சருக்குள் பழைய கரி படிந்திருந்தாலோ, அந்தக் கரியெல்லாம் அந்த ஒரு அமுக்கில் வெளியே வந்து உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

உங்கள் வேன் தினமும் எங்கே ஓடுகிறது? உடுவிலிலிருந்து யாழ்ப்பாணம் ரவுனுக்கு, முப்பது கிலோமீற்றர் வேகத்தில், சந்திக்குச் சந்தி நின்று நின்று. இப்படி ஓடும் டீசல் எஞ்சினில் கரி சேராமல் இருக்காது. ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் எயர் பில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் தூசி பில்டர் மடிப்புகளுக்குள் மஞ்சள் தூள் போல அடைத்திருக்கும். காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது, கறுப்புப் புகை வரும். ஊதிச் சுத்தம் செய்வதை விட்டுப் புதிது போடுங்கள். பிறகு எஞ்சின் ஒயிலும் டைமிங் பெல்ற்றும் சரியா என்று பாருங்கள். உச்ச வேகத்துக்கு முடுக்கும்போது பழைய பெல்ற் அறுந்தால் எஞ்சினே போய்விடும். அது சரி என்றால் ஏ9 வீதியில் கொடிகாமம் வரை நல்ல வேகத்தில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு, எஞ்சின் சூடு ஆறுவதற்குள் நேரே பரிசோதனைக்குப் போங்கள்.

அதற்குப் பிறகும் பெயில் என்றால், டீசலை எஞ்சினுக்குள் விசிறும் நொசில்களைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். பம்ப் அதற்கும் பிறகுதான். நொசில் சொட்டுகிறதா, பூவாக விசிறுகிறதா என்று சோதனை மேசையில் வைத்துக் கண்ணாலேயே பார்க்கலாம். அதைக் காட்டாமல் பம்ப் என்று சொல்பவரிடம் பம்பைக் கொடுக்காதீர்கள்.

ஐயா, என் மோட்டார் சைக்கிள் காலையில் ஒரு இடத்தில் பெயில், பின்னேரம் வேறொரு இடத்தில் பாஸ். அப்படியென்றால் காலையில் ஏமாற்றினார்களா? (நெல்லியடி)

அப்படிச் சொல்லிவிட முடியாது, தம்பி. காலையில் எஞ்சின் குளிர், சோக் (குளிரில் ஸ்டார்ட் ஆகப் பெற்றோலைக் கூட்டுவது) கொஞ்சம் இழுபட்டிருக்கலாம். பின்னேரம் நெல்லியடியிலிருந்து ஓடிப்போன சூட்டில் பாஸாகியிருக்கும். இன்னொன்றையும் பாருங்கள்: சைலன்சர் மூட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைவாகக் காட்டும். அப்படிக் கிடைத்த பாஸ் உண்மையான பாஸ் இல்லை. மூட்டில் கையை அருகே பிடித்துப் பாருங்கள், காற்று அடித்தால் தெரியும்.

அண்ணா, சின்னப் பெற்றோல் கார், ஜப்பான். ஸ்கேன் பண்ணினோம், ஒரு பிழையும் இல்லை. பிளக், பில்டர் எல்லாம் புதிது. ஆனாலும் காபன் மொனொக்சைட் கூட என்று பெயில். (திருநெல்வேலி)

ரேடியேற்றர் பக்கம் போங்கள். ஊரில் வாகனம் சூடேறுகிறது என்றால் பல மெக்கானிக்குகள் முதலில் செய்வது தெர்மோஸ்டாட்டைக் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் வால்வு) கழற்றி எறிவது. ஏன் சூடேறுகிறது? எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேற்றர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. நோய் அங்கே இருக்க, தெர்மோஸ்டாட்டைத் தூக்கினால் எஞ்சின் ஒருபோதும் சரியான சூட்டுக்கு வராது. எஞ்சின் இன்னும் குளிர் என்று கம்பியூட்டர் நினைத்து பெற்றோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். காபன் மொனொக்சைட் ஏறாமல் என்ன செய்யும்?

போன மாதம் என்னிடம் வந்த ஒரு கார் இதே கதைதான். மேல் ஹோசைக் கழற்றிப் பார்த்தேன், தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் வெறும் ஓட்டை. ரேடியேற்றரைக் கழுவி, கூலன்ற் ஊற்றி, புதுத் தெர்மோஸ்டாட் போட்டு அனுப்பினேன். அடுத்த நாள் பாஸ். இனிமேல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவேண்டாம். அவசரத்துக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது நல்லது.

அப்பாவின் மொறிஸ் மைனர். அவர் நினைவாக ஓட்டுகிறேன். புகையில் பெயில். இவ்வளவு பழைய காரை இனி வீட்டில் நிறுத்தத்தான் வேண்டுமா? (சுண்டுக்குளி)

நிறுத்தவேண்டாம். 1990க்குப் பிறகு பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் இந்தக் கார்கள்தான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. கார்பரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு ஏற்றபடி திருகி வைத்த கார்பரேற்றரைப் பலர் திரும்பச் சரிசெய்யவே இல்லை. உங்களுடையதும் அப்படி இருக்கலாம்.

எஞ்சின் சூடான பிறகு கார்பரேற்றரின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியை விரலால் மெல்ல மேலே தள்ளுங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கூடுதல் என்றால் அடியில் இருக்கும் ஆறுபக்க நட்டை ஒரு பக்கம் மட்டும் மேல்நோக்கித் திருகி, திரும்ப ஊசியைத் தள்ளிப் பாருங்கள். அதற்கு முன்பு சோக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்க்க மறக்கவேண்டாம். இந்தக் கார்பரேற்றரில் சோக் என்பது பெற்றோல் வரும் ஜெற்றையே கீழே இறக்குவது. கேபிள் இறுகி நின்றால் நாள் முழுக்க சோக் போட்டு ஓட்டுவது மாதிரித்தான். ஒரு பின்னேரம் கொண்டு வாருங்கள், நானே பார்த்துத் தருகிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஆறு கிழமை ஊருக்கு வந்திருந்தோம். கார் வீதியில் நின்றது. லண்டன் திரும்பி எம்.ஓ.ரி.க்குக் கொடுத்தால் முன் பிரேக் இரண்டுக்கும் வித்தியாசம் கூட என்று பெயில். 600 பவுண் கேட்கிறார்கள். பரிசோதனையை எதிர்த்து முறையிடலாமா? (ஹரோ)

முறையிட உரிமை உண்டு, ஆனால் தோற்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே அச்சின் இரண்டு சில்லுகளுக்கும் இடையில் பிரேக் பலம் 30 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் பெயில். ஆறு கிழமை மழையில் நின்ற காரில் டிஸ்க் கறள் பிடித்து, அதை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பரின் ஊசிகள் இறுகியிருக்கும். அன்றைய நிலைக்கு அந்த முடிவு சரி.

உங்கள் சண்டை அந்த 600 பவுணோடு. ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் போட்டாலே பல கார்கள் சரியாகிவிடும். பழைய எம்.ஓ.ரி. இன்னும் முடியவில்லை, தாளில் 'ஆபத்தானது' என்ற வகையில் எதுவும் இல்லை என்றால் காரை எடுத்துக்கொண்டு வேறு கராஜில் விலை கேட்கலாம். முன் பிரேக் வித்தியாசம் 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அது ஆபத்தான வகை. அப்படியென்றால் ஓட்டவே கூடாது, ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும். வேறிடத்தில் திருத்தினாலும் 10 வேலை நாட்களுக்குள் முதல் பரிசோதித்த இடத்துக்கே கொண்டுபோனால், முழுப் பரிசோதனை இல்லாமல் பெயிலான பகுதியை மட்டும் பார்ப்பார்கள்.

அடுத்த வருடம் திருவிழாவுக்கு வரமுன் எம்.ஓ.ரி.யைச் செய்துவிட்டு வாருங்கள். முடிவு நாளுக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்கூட்டிச் செய்தாலும் பழைய திகதி மாறாது.

அண்ணா, என் காரில் கறள் என்று பெயில். கதவுக்குக் கீழே சின்ன இடம்தான். இது அநியாயம் என்று எனக்கு நிச்சயம். என்ன செய்ய? (கிரொய்டன்)

தங்கச்சி, காரைத் தொடவேண்டாம். வெல்டிங் செய்தால் முறைப்பாடு அங்கேயே முடிந்தது. முதலில் பரிசோதகரிடமே கேளுங்கள், சில வேளை அங்கேயே தீரும். தீராவிட்டால் வி.ரி. 17 என்ற படிவத்தை நிரப்பி, பரிசோதனை நடந்து 14 வேலை நாட்களுக்குள், எம்.ஓ.ரி.யை மேற்பார்க்கும் அரச நிறுவனமான டி.வி.எஸ்.ஏ.க்கு அனுப்பவேண்டும். அவர்கள் நாள் குறித்துத் தங்கள் ஆளைக் கொண்டு காரைத் திரும்பப் பரிசோதிப்பார்கள். அதற்கு முழுக் கட்டணமும் முதலில் கட்டவேண்டும். காருக்கு உச்சம் 54.85 பவுண். நீங்கள் சொன்னது சரி என்றால் அது திரும்பி வரும்.

கறளில் கேள்வி 'இருக்கிறதா' என்பதல்ல, 'எங்கே' என்பதுதான். சீற் பெல்ற், சஸ்பென்சன் போன்றவை பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகடு பலமிழந்திருந்தால் பெயில். இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு முறை ஒரு காரைக் கறளுக்காகப் பெயிலாக்கினேன். விரல் வைத்தால் தகடு உள்ளே போனது, எனக்குச் சந்தேகமே இல்லை. சொந்தக்காரர் முறையிட்டார். வந்த அதிகாரி கீழே படுத்து, சீற் பெல்ற் ஆணியில் டேப்பின் நுனியை வைத்துக் கறள் வரை இழுத்தார். 38 சென்ரிமீற்றர். நான் கண்ணால் மதித்தேன், அவர் அளந்தார். அந்த மனிதருக்குக் காசு திரும்பியது, எனக்கு எச்சரிக்கை வந்தது. அன்றிலிருந்து டேப் இல்லாமல் காருக்குக் கீழே போனதில்லை. நீங்களும் அளந்து, டேப் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நான் திருத்திவிட்டேன், இப்போது முறையிட முடியுமா? (ஈஸ்ட்ஹாம்)

இல்லை. பார்ப்பதற்கு அந்தப் பிழை இப்போது காரில் இல்லையே. மாற்றிய பழைய சாமானையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். அது கராஜோடு பேச உதவும், எம்.ஓ.ரி.க்கு உதவாது.

கனடாவில் பழைய கார் வாங்கினேன். சேப்டி எடுத்து இரண்டு மாதம், இப்போது பெயர் மாற்றப் போனால் செல்லாது என்கிறார்கள். (ஸ்காபரோ)

ஒன்ராறியோவில் சேப்டி சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

மீன் லொறி. தகுதிச் சான்றிதழுக்குப் போனால் சேசிஸ் கறள் என்று திருப்பிவிட்டார்கள். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. கறுப்புப் பெயின்ற் அடித்துக்கொண்டு போகலாமா? (பருத்தித்துறை)

பெயின்ற் அடிக்கவேண்டாம். அது நம்பிக்கையைக் கெடுக்கும், கறளை உள்ளே வளர்க்கும். கடற்காற்று ஒரு பக்கம், மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு ஐஸ் தண்ணீர் இன்னொரு பக்கம். சேசிஸ் உள்ளிருந்துதான் கரையும். எந்த இடம் என்று பரிசோதித்தவரிடம் சோக்குக் கட்டியால் கீறிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை. காட்டிய இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும், செத்த இரும்பு 'பொத்' என்று கேட்கும்.

'பொத்' என்றால் அவர் சொன்னது சரி. தகரம் ஒட்டி மூடாமல், கறள் பிடித்ததை வெட்டி எடுத்து அதே தடிப்புத் தகடு போட்டு வெல்டிங் செய்யுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து அடுத்த முறை கொண்டுபோங்கள். இனி ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கீழ்ப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

வாகனம் போகாமலே காசுக்குத் தாள் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன், ஒரு நாள் நின்றாலும் நட்டம். (மானிப்பாய்)

வேண்டாம். உங்கள் வேனுக்குள் பிறத்தியாரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு கிழமைக்கு முன் என்னிடம் வந்த ஒரு பள்ளிக்கூட வேனில் பின் ரயரின் உட்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது. வெளிப்பக்கம் பூ நன்றாக இருந்தது. நின்றபடி பார்த்தால் தெரியாது, குனிந்து கையை உள்ளே விட்டால்தான் தெரியும். சனிக்கிழமை கொண்டு வாருங்கள், உங்களுக்கு நாள் வீணாகாமல் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

மின்சார ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் வேண்டுமா? (அரியாலை)

வேண்டாம். புகைக்குழாயே இல்லை.

அண்ணை, உடுவில் டொல்பின் வேன்காரன் திரும்பவும். பில்டர் மாற்றி, கொடிகாமம் போய் வந்து கொடுத்தேன். அளவு முன்னையதில் பாதிக்கும் கீழே, பாஸ். பம்பைத் தொடவில்லை. இனி நொசில் பார்க்கவேண்டுமா?

நல்ல செய்தி. பாரம் ஏற்றி ஓடும்போது கண்ணாடியில் பின்னால் பாருங்கள். கறுப்பாக வந்தால் அடுத்த சேர்விஸோடு நொசிலைச் சோதியுங்கள், வராவிட்டால் விடுங்கள். இரண்டு பெயில் தாளையும் இந்தப் பாஸ் தாளையும் ஒன்றாகக் குத்தி வேனுக்குள் வையுங்கள். அடுத்த வருடம் அளவு ஏறியிருந்தால் எவ்வளவு ஏறியது என்று அதில் பார்க்கலாம்.