‘விசர்ட்’ மந்திரவாதியா, மேதாவியா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பள்ளி ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் மந்திரம் செய்பவருக்கு ‘விசர்ட்’ (wizard) ஆண்பால், ‘விட்ச்’ (witch) பெண்பால் என்று படித்தோம். இரண்டும் ஒரே வேரா?

பதில்: தேர்வில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் வந்துவிடும். ஆனால் வேர் ஒன்றல்ல. ‘விட்ச்’ பழைய ஆங்கிலச் சொல். அந்தக் காலத்திலேயே ஆணுக்கு ‘விச்சா’, பெண்ணுக்கு ‘விச்சே’ என்று இரண்டு வடிவமும் இருந்தன. ‘விசர்ட்’ அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. 15ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் சோடி சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் விசர்ட் எதிலிருந்து பிறந்தது?

பதில்: அறிவுள்ளவர் என்ற பொருள் தரும் ‘வைஸ்’ என்ற சொல்லோடு ஏ-ஆர்-டி என்ற விகுதி சேர்ந்தது. சுவையெல்லாம் அந்த விகுதியில்தான். குடிகாரனுக்கு ‘டிரங்கர்ட்’, சோம்பேறிக்கு ‘ஸ்லகர்ட்’, மந்தபுத்திக்காரனுக்கு ‘டல்லர்ட்’, கோழைக்கு ‘கவர்ட்’. எல்லாம் ஏசும் சொற்கள். பிரெஞ்சு வழியாக வந்த இந்த விகுதி ஆங்கிலத்தில் ஒட்டிய இடமெல்லாம் ஒரு இளக்காரத்தையும் ஒட்டிவிட்டது. அதனால் விசர்ட் என்பதற்கு முதலில் ஞானி, தத்துவம் பேசுகிறவர் என்றுதான் பொருள். ஆனாலும் உள்ளே ஒரு நக்கல். “வந்துட்டாரு பெரிய மேதாவி” என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தொனி.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ‘விசர்’ என்றால் பைத்தியம். தொடர்பு உண்டோ அண்ணை?

பதில்: இல்லை தம்பி. ஒலி ஒற்றுமை மட்டும்தான். இதை வைத்து யாராவது ‘ஆங்கிலத்தின் தாய் தமிழ்’ என்று காணொளி போடுவதற்குள் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: ஞானி எப்படி மந்திரவாதி ஆனார்?

பதில்: 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மந்திரப் பொருள் வந்துவிட்டது. அன்று படிப்புக்கும் மந்திரத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. லண்டன் அருகே மோர்ட்லேக்கில் வாழ்ந்த ஜான் டீயைப் பாருங்கள். பெரிய கணித அறிஞர். யூக்ளிடின் வடிவியல் 1570இல் ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதியவர். முதலாம் எலிசபெத் அரசிக்கு முடிசூட்ட 1559 ஜனவரி 15ஆம் தேதியைச் சோதிடம் பார்த்துக் குறித்துக் கொடுத்தவரும் அவரே. பிறகு படிகக் கல்லில் பார்த்துத் தேவதூதர்களோடு பேசவும் முயன்றார். இப்படிப்பட்டவரை ஊர் என்னவென்று அழைக்கும்? கிராமங்களிலோ காணாமல்போன பொருளுக்குக் குறி சொல்லவும் மாட்டு நோய்க்கு மந்திரிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். ‘அறிந்தவர்’ என்பதே அவர்களுக்கும் பேர்.

பழைய பொருள் உடனே சாகவில்லை. 1629இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் எழுதிய கிறிஸ்து பிறப்புக் கவிதையில் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வருகிறவர்கள் ‘விசர்ட்’கள்தான். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அவர்கள் ‘சாஸ்திரிகள்’.

கேள்வி: கேம் ஆடும்போது மந்திரவாதிகளுக்கு மேஜ், சோர்சரர், வார்லாக் என்றெல்லாம் பேர் வருகிறதே அண்ணா, என்ன வித்தியாசம்?

பதில்: விளையாட்டில் உள்ள வித்தியாசம் அதைச் செய்தவர்கள் வகுத்த விதி, மொழியில் தேடினால் கிடைக்காது. 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் மந்திரம் போடும் பாத்திர வகைக்கே ‘மேஜிக் யூசர்’ என்றுதான் பேர். விசர்ட் என்பது 11ஆம் நிலைக்குப் போனவருக்குக் கிடைக்கும் பட்டம். வேர் கேட்டால், மேஜ் பழைய பாரசீகப் பூசாரிகளான ‘மகுஷ்’ என்பவரிடமிருந்து கிரேக்கம், லத்தீன் வழியாக வந்தது. சோர்சரர், சீட்டுப் போட்டுக் குறி பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் ‘சோர்ஸ்’ என்பதிலிருந்து. வார்லாக் மோசமான சொல்: சத்தியம் தவறியவன், துரோகி. சாத்தானுக்கும் அந்தப் பேர் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் அதை ஆண் சூனியக்காரனுக்கு நிலைக்க வைத்தார்கள்.

கேள்வி: சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது வரும் விசர்ட்?

பதில்: ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ அழுத்தினால் வேலை முடிகிறதே, அதுவா? 1991இல் ‘மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர்’ என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் அந்தப் பேரைப் பரப்பியது. கெட்டிக்காரர் என்ற பொருள் அதற்கு முன்பே உண்டு. 1878இலேயே எடிசனை ‘மென்லோ பார்க்கின் விசர்ட்’ என்று பத்திரிகைகள் எழுதின.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர் நான். விசர்டுக்குச் சித்தர் என்று போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. சித்தருக்கு யோகம், மருத்துவம், பாடல் என்று தனி மரபு இருக்கிறது. கூம்புத் தொப்பிக்காரரை அதில் நுழைத்தால் வாசகர் குழம்புவார். கதையில் மந்திரவாதி போதும். ஆளைப் பாராட்டும் இடத்தில் வித்தகர். சூனியக்காரனை வார்லாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.