ஆலைக் கேன்டீனுக்கு ஆன்லைன் ஆர்டர்: முதலில் எதை எழுதி வைப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. ஆலை, தோட்ட ஆபீஸ், பட்டறை மூன்றுக்கும் ஒரே கேன்டீன். மதியச் சாப்பாட்டைக் கைப்பேசியிலேயே சொல்லிவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவரப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைப் பட்டியலை எழுதிக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை என்பதால் கேள்விகளை எனக்கு அனுப்பினார்கள். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தோட்டத்துக் கிராணி (ஆபீஸ் எழுத்தர்): தம்பி ஒருவர் இரண்டு வாரத்தில் ஆப் செய்து தருகிறேன் என்கிறார். தேவைப் பட்டியல் எதற்கு?

இரண்டு வாரத்தில் ஆப் வந்துவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் ஆர்டர் போட்டவர் பதினொரு மணிக்கு லீவு எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தச் சாப்பாட்டுக் காசு யார் தலையில் விழும்? மீன் தீர்ந்துவிட்டால் அவரைக் கேட்காமல் கோழி வைக்கலாமா? இதையெல்லாம் அந்தத் தம்பியால் முடிவு செய்ய முடியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றியதைச் செய்துவிட்டுப் போவார், குறை சொல்லவும் முடியாது.

ஒரு தொழிற்சாலைக் கேன்டீனுக்கு நான் எழுதிய பட்டியலில் "பயனர் ஆர்டரை ரத்து செய்யலாம்" என்று ஒரு வரி இருந்தது. எத்தனை மணி வரைக்கும் என்று எழுதவில்லை. சோறு வடித்த பிறகும் ரத்து வந்துகொண்டே இருந்தது. பொட்டலங்கள் வீணாகி, நஷ்டம் முழுக்கச் சமைத்தவர் மேல் விழுந்தது. நான் எழுதிய வரி அது. இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

கேன்டீன் நடத்தும் அக்கா: எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. என்னிடம் கேட்க என்ன இருக்கிறது?

அக்கா, முதலில் உட்கார்ந்து பேச வேண்டிய ஆளே நீங்கள்தான். அரிசி எத்தனை மணிக்குக் களைகிறீர்கள், மீன், கோழி எப்போது வாங்குகிறீர்கள், எந்த நேரத்துக்கு மேல் பத்துப் பேர் கூடினால் சமாளிக்க முடியாது, தினமும் எத்தனை பேருக்குச் சேர்த்துச் சமைக்கிறீர்கள். இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் பாதிப் பட்டியல் எழுதியாகிவிடும்.

ஆர்டர் போடுகிறவர் பார்க்கும் திரையிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் உங்கள் கைக்கு வரும் காகிதத்திலிருந்து தொடங்குவேன். கோழி 46, மீன் 31, சைவம் 18. அதில் ஆலைக்கு எத்தனை, ஆபீசுக்கு எத்தனை, பட்டறைக்கு எத்தனை. ஒரே தாள், பெரிய எழுத்து, அடுப்படிச் சுவரில் ஒட்டுகிற மாதிரி. அது எத்தனை மணிக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். 8.30 என்றால் விதி இப்படி வரும்: "மதியச் சாப்பாட்டு ஆர்டரும் ரத்தும் காலை 8.30 மணியோடு முடியும். அதற்குப் பிறகு வருவதைக் கேன்டீன் நடத்துபவர் மட்டுமே ஏற்கலாம்."

இரவுச் சாப்பாட்டுக்கு வேறு விதி. வெட்டின செம்பனைக் குலையைப் போட்டுவைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும், அதனால் குலை அதிகமாக வரும் மாதங்களில் ஆலையை நிறுத்த மாட்டார்கள். ஓவர்டைம் உண்டா என்பது பிற்பகலில்தான் தெரியும். யாருக்கெல்லாம் ஓவர்டைம் என்று ஷிப்ட் சூப்பர்வைசர் பதிந்த பிறகுதான் இரவு ஆர்டர் திறக்க வேண்டும். சாயங்காலம் எத்தனை மணிக்குள் எண்ணிக்கை தெரிந்தால் உங்களால் சமைக்க முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மனிதவளப் பிரிவிலிருந்து: சாப்பாட்டுக் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் சுலபம்தானே?

சாஃப்ட்வேரில் சுலபம். ஆனால் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். முதலாளி தரும் சாப்பாட்டுக்குப் பிடித்தம் செய்ய, தொழிலாளி எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். தொழிலாளர் இலாகாவின் எழுத்து மூலமான முன் அனுமதியும் வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற பொது வரம்பும் உண்டு. ஆகவே பட்டியலில் மூன்று வரி: சம்மதக் கடிதம் பதிவாகாதவருக்குப் பிடித்தம் என்ற வழியே திரையில் வரக் கூடாது, வரம்பை நெருங்கினால் எச்சரிக்கை வர வேண்டும், தன் கணக்கைத் தொழிலாளி எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடிய வேண்டும். கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சம்பள நாளில் "இவ்வளவு எப்படி வந்தது?" என்று ஒருவர் கவுண்டரில் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

காசுக் கணக்கையும் எழுதிவிடுங்கள். சாப்பாடு 6 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு, மூன்றில் ஒரு பங்கு கம்பெனி தருகிறது என்று வைப்போம். தொழிலாளி தர வேண்டிய மீதியை ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஐந்து காசுக்கு முழுமையாக்கி 4 வெள்ளி 35 காசு என்று போட்டால் 22 நாளில் 95 வெள்ளி 70 காசு. மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டால் 95 வெள்ளி 33 காசு. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் எது சரி என்று எழுதி வைக்காவிட்டால் மாதாமாதம் தகராறு.

பாலிடெக்னிக் மாணவர்: சார், தேவை ஆவணத்துக்கு நிலையான வடிவம் உண்டா?

உண்டு தம்பி. பலர் இன்னும் ஐஇஇஇ 830 என்று சொல்வார்கள், ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரநிலை, 1998இல் வந்த பதிப்பு. அதன் இடத்தில் 2011இல் ஐஎஸ்ஓ/ஐஇசி/ஐஇஇஇ 29148 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது, 2018இல் அதைத் திருத்தினார்கள். தலைப்புகளுக்கு அதைப் பாருங்கள், எல்லாப் பகுதியையும் நிரப்ப வேண்டும் என்று இல்லை.

ஒவ்வொரு வரியையும் சோதித்துப் பார்க்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். "வேகமாக இயங்க வேண்டும்" என்பதை எப்படிச் சோதிப்பீர்கள்? "ஷிப்ட் மாறும் 15 நிமிடத்தில் 120 பேர் ஆர்டர் போட்டாலும் 3 விநாடிக்குள் பதில் வர வேண்டும்" என்றால் சோதிக்கலாம். அந்த 120ஐ நீங்களே ஊகிக்காமல் பஞ்ச் கார்டு (வருகைப் பதிவு) கணக்கைப் பார்த்து எடுங்கள்.

ஆலைத் தொழிலாளி: உள்ளே லைன் கிடைக்காது அண்ணே. சிலரிடம் நல்ல போனும் இல்லை. நேபாளத்து ஆள், வங்காளதேசத்து ஆள் எல்லாம் இருக்கிறார்கள்.

நல்ல வேளை கேட்டீர்கள், ஆபீசில் உட்கார்ந்து எழுதும் பட்டியலில் இது வரவே வராது. லைன் இல்லாதபோது ஆர்டர் போனிலேயே காத்திருக்கலாம். ஆனால் "இன்னும் போகவில்லை", "கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தது" இரண்டும் வேறு வேறு நிறத்தில் தெரிய வேண்டும். போய்விட்டது என்று நம்பி, பசியோடு வந்து வெறும் கையோடு திரும்பக் கூடாது.

போன் இல்லாதவருக்காகப் பஞ்ச் கார்டு அடிக்கும் இடத்தில் ஒரு திரை வையுங்கள். மண்டோர் (மேற்பார்வையாளர்) தன் ஆட்களுக்குச் சேர்த்து ஆர்டர் போடவும் வழி வேண்டும், யாருக்காகப் போட்டார் என்பது பதிவாக வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் படம். மலாய், தமிழ், வங்காளம், நேபாளி நான்கும் வேண்டும்.

ஆபீசில் வேலை செய்யும் அம்மா: புரட்டாசியில் சைவம் கேட்டால் சரியாக வருமா?

"சைவம்" என்றால் என்ன என்று பட்டியலிலேயே விளக்கம் எழுதினால் வரும் அம்மா. காய்கறிதான் என்று வைப்பார்கள், சம்பலில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், இல்லையென்றால் மேலே நெத்திலி தூவியிருக்கும். நான் இப்படி எழுதுவேன்: "இறைச்சி, மீன், முட்டை, பெலாச்சான், நெத்திலி எதுவும் இல்லாதது, தனிக் கரண்டி." முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு வேறு குறி. புரட்டாசியில் சைவம் கூடும், நோன்பு மாதத்தில் மதிய ஆர்டர் குறையும். போன வருடக் கணக்கை அக்கா பார்க்க முடிந்தால் சாமான் வாங்க உதவும்.

இன்னொன்று. பதிவுப் படிவத்தில் மதம் என்ற கட்டம் வேண்டவே வேண்டாம். 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மத நம்பிக்கையும் உடல்நலமும் கூடுதல் கவனம் வேண்டிய தரவுகள். எந்தச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டால் போதும். கடலை ஒத்துக்கொள்ளாது என்பதை அவரே விரும்பிச் சொன்னால், வெளிப்படையான சம்மதத்தோடு வாங்கி, அடுப்படிக்கு மட்டும் காட்டுங்கள்.

மேலாளர்: எல்லாம் ஒரே நேரத்தில் முடியாது. எதை முதலில் செய்வது?

1994இல் டாய் கிளெக் என்பவர் ஒரு முறை சொன்னார், மாஸ்கோ (MoSCoW) என்பார்கள். கட்டாயம் வேண்டும், வேண்டும், இருந்தால் நல்லது, இந்தத் தடவை வேண்டாம் என்று நான்காகப் பிரிப்பது. என் கணக்கில் ஆர்டர், நேர வரம்பு, அடுப்படித் தாள், சம்மதமும் தன் கணக்கைப் பார்ப்பதும் கட்டாயம். கைப்பேசியில் ஸ்கேன் செய்து காசு கட்டும் டூயிட்நவ் கியூஆர் "வேண்டும்" வகை. நட்சத்திர மதிப்பீடு, கூப்பன் எல்லாம் இந்தத் தடவை வேண்டாம்.

மறுபடியும் கிராணி: சரி, முடிந்ததும் யார் கையெழுத்துப் போடுவது?

மேலாளர், மனிதவளம், கேன்டீன் அக்கா மூவரும். அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பிறகு மாற்றினால் தேதியும், யார் கேட்டது என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை விடியற்காலையில் நான் கேன்டீனுக்கு வருகிறேன், அரிசி களைவதிலிருந்து கடைசிப் பொட்டலம் போகும் வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். அந்தத் தம்பியையும் வரச் சொல்லுங்கள், பசியாறல் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.