அலுவலக வேலையாக ஒரு வாரம் காரைக்குடியில் தங்கப் போகிறேன். நல்ல செட்டிநாட்டுச் சாப்பாட்டோடு மாலையில் ஒரு கிளாஸ் ஒயினும் சாத்தியமா?

தாராளமாகச் சாத்தியம். ஆனால் இரண்டையும் ஒரே வேளையில், ஒரே இலைக்குப் பக்கத்தில் தேடாதீர்கள். அந்த ஊரில் சாப்பாடு என்பது மதியம். ஒயினை மாலைப் பலகாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வங்கிக் கிளைகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் என்று அந்தப் பக்கம் அடிக்கடி போய்த் தங்க வேண்டியிருக்கும். தணிக்கைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. "வாங்க மேடம், நம்ம ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுப் போகலாம்" என்று கிளை மேலாளர் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் அவர் செலவில் கை நனைக்கக் கூடாது. அதனால் எங்கே எது நன்றாக இருக்கும் என்று சொந்தக் காசில் தேடிச் சாப்பிட்டே பழகிவிட்டது.

முதலில் சாப்பாட்டுக் கதை. நெடுஞ்சாலையில் "செட்டிநாடு" என்று போர்டு மாட்டிய ஓட்டல்களில் சாப்பிட்டுவிட்டு, எண்ணெயும் மிளகாயும்தான் இந்தச் சமையல் என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். நகரத்தார் வீட்டுச் சமையலில் அவ்வளவு காரம் கிடையாது, வாசனைதான் தூக்கல். பட்டை, சோம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் மற்ற ஊர்களிலும் உண்டு. ஆளைக் காட்டிக்கொடுப்பது கல்பாசி. பேரில் பாசி என்று இருந்தாலும், பாறையிலும் மரப்பட்டையிலும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து படரும் லைக்கன் வகை அது. கையில் எடுத்தால் காய்ந்த சருகு மாதிரி ஒரு வாசனையும் இருக்காது. சூடான எண்ணெயில் விழுந்ததும் விறகுப் புகையும் மழை பெய்த மண்ணும் கலந்தாற்போல் ஒரு மணம் கிளம்பும். மதியம் பதினொன்றரைக்கு ஏதாவது ஒரு மெஸ்ஸின் பின்கட்டுப் பக்கம் நடந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஓட்டலை விட மெஸ் நல்லது, அதிலும் வீட்டோடு சேர்ந்த மெஸ். பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் சோறும் சாம்பாரும் இருக்கும், நீங்கள் எதற்காகப் போனீர்களோ அது இருக்காது. காலையிலேயே போன் பண்ணி இன்றைக்கு என்ன என்று கேட்டுவிடுவது என் வழக்கம். உப்புக்கறி இருக்கிறது என்றால் அதைச் சொல்லி வைத்துவிடுவேன். ஆட்டுக்கறியைப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, அவ்வளவுதான். மசாலா என்று பெரிதாக ஒன்றும் போடுவதில்லை, கறி தன் ருசியிலேயே நிற்கும். செட்டிநாட்டுச் சமையல் என்றால் பத்து மசாலாவை அரைத்துக் கொட்டுவது என்று நினைப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டோடு வெண்டைக்காயோ மாங்காயோ போட்டு வைப்பது. குழம்பும் இல்லை, கூட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு பக்குவம். நான் போகும் மெஸ்ஸில் பரிமாறும் ஆச்சிக்கு, மண்டியைச் சோற்றில் ஊற்றிப் பிசைகிறவர்களைக் கண்டாலே ஆகாது. "அத ஏன் ஆத்தா சோத்துல கொட்டுற? ஓரமா வச்சுத் தொட்டுக்க. ரசத்துக்குத்தான் சோறு" என்று சொல்லிக்கொண்டே நண்டு ரசத்தைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அந்த ரசத்துக்குப் பிறகு மாலை நாலரை வரை கணக்கேடு பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான், சொல்லிவிட்டேன்.

பழைய பங்களாக்களை ஓட்டலாக மாற்றியிருக்கும் இடங்கள் காரைக்குடி, கானாடுகாத்தான், கொத்தமங்கலம் பக்கம் உண்டு. அங்கேயும் இலை போட்டு முழுச் சாப்பாடு கிடைக்கும். வெளியாட்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும், விலையும் அதற்கேற்ப. தினப்படிக்குள் அடங்காது. வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒயின். மிளகு வறுவலும் சிவப்பு ஒயினும் நல்ல ஜோடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிளகாயின் உறைப்பு நாக்கில் ஒரு சுவை இல்லை, அது சூட்டை உணரும் நரம்பைப் போய்த் தொடுகிறது. ஆல்கஹாலும் அதே நரம்பைத்தான் சீண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் கூடும். கேபர்னே சாவின்யோன் மாதிரி துவர்ப்பு அதிகமான சிவப்பு ஒயின் என்றால் இன்னும் மோசம்: வாய் வறண்டு, கறியின் ருசியும் போய், ஒயினின் ருசியும் போய்விடும். போதாததற்கு, அந்த வெயிலில் மதியம் குடித்துவிட்டு மறுபடி வேலைக்குப் போவதா? வேண்டாம்.

ஒயினுக்கு ஏற்ற சாப்பாடு மாலையில்தான் வருகிறது. செட்டிநாட்டில் மாலைப் பலகாரம் கிட்டத்தட்ட ஒரு தனி வேளை. அதில் வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பச்சரிசியை நிறைய எடுத்து, அதன் தலையில் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து, அதுதான் அளவு. ஊறவைத்து வெண்ணெய் போல அரைப்பார்கள், புளிக்கவைப்பதில்லை. ஒரு கரண்டி மாவைக் காய்ந்த எண்ணெயில் நடுவாக ஊற்றினால் அதுவே வட்டமாக எழும்பி வரும். ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும். ஓரம் லேசாக மொறுமொறுக்க, நடுவில் பஞ்சாக, வெள்ளை நிறம் மாறாமல் எடுக்க வேண்டும். சிவந்துவிட்டால் சுட்டவருக்கே முகம் சுண்டிவிடும்.

இதோடு நன்றாகக் குளிர்ந்த ஸ்பார்க்ளிங் ஒயின் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பலகாரத்தின் பிசுபிசுப்பை அந்தக் குமிழியும் புளிப்பும் துடைத்துவிடும், அடுத்த பணியாரத்துக்கு வாய் தயாராகிவிடும். தொட்டுக்கொள்ள வரும் மிளகாய்ச் சட்னியை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க்ளிங் கிடைக்காவிட்டால் லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் போதும். நாசிக்கில் இது நிறையவே தயாராகிறது. அந்தச் சிறு இனிப்பு உறைப்பை அடக்கும் என்பதால் அரிசி, உளுந்து மாவில் தாளிதம் சேர்த்துப் பொரிக்கும் மசாலா சீயத்தோடும் ஒத்துப்போகும். இனிப்புப் பாலில் ஊறும் பால் பணியாரத்துக்கு, கொடியிலேயே கூடுதல் நாள் பழுக்கவிட்டுப் பறித்த திராட்சையில் செய்யும் லேட் ஹார்வெஸ்ட் இனிப்பு ஒயின். கவுனி அரிசிக்கும் அதைச் சிலர் சொல்வார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. பர்மாவுக்குத் தொழிலுக்குப் போனவர்கள் கொண்டுவந்த அந்தக் கறுப்பரிசிக்குத் தேங்காய்ப்பூவும் நெய்யும் சர்க்கரையும் போதும், வேறு துணை வேண்டாம்.

இதெல்லாம் நமக்கு ஒட்டாத பழக்கம் என்று யாராவது முகம் சுளித்தால், யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் குடித்ததாகச் சங்கப் பாட்டு இருக்கிறது என்று சொல்லுங்கள். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

வாங்குவது எப்படி? தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். சாதாரணக் கடைகளில் ஒயின் என்று கேட்டால் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். நல்லது வேண்டுமென்றால் மதுரையிலோ திருச்சியிலோ உள்ள எலைட் என்ற உயர்ரக டாஸ்மாக் கடையில் வாங்கிக்கொண்டு வருவது உத்தமம். தானே எடுத்துப் பார்த்து வாங்கலாம், என்னைப் போன்ற பெண்களுக்கும் அங்கே சங்கடம் குறைவு. புதுச்சேரியில் மலிவு என்று அங்கிருந்து தூக்கி வராதீர்கள், மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். காந்தி ஜயந்தி, சுதந்திர தினம், குடியரசு தினம், மே தினம், பொங்கலை ஒட்டி வரும் திருவள்ளுவர் தினம் எல்லாம் கடை கிடையாது. தேர்தல் சமயத்தில் போனால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

375 மில்லி அரைப் பாட்டில் கிடைத்தால் தனியாகத் தங்குகிறவருக்கு அதுதான் சரி. திருகு மூடி போட்டதாக வாங்கினால் திறப்பானுக்கு அலைய வேண்டாம். மிச்சத்தை மூடி அறையில் உள்ள பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அவர்கள் சொல்லும் அறை 16, 18 டிகிரி. சித்திரை மாதக் காரைக்குடி அறை அப்படியில்லை, அதையும் அரை மணி நேரம் குளிரவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தங்கும் இடத்தை முடிவு செய்யும் முன் ஒன்று கேட்டுவிடுங்கள். பங்களா ஓட்டல்கள் சிலவற்றில் குடும்பத்தின் சாமி அறையும், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு நடக்கும் கட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் முற்றத்தில் கிளாஸோடு உட்காருவதை விரும்பமாட்டார்கள். அறைக்குள் பரவாயில்லையா என்று நேராகவே கேட்டால் நேராகவே பதில் சொல்வார்கள்.

அப்புறம், ஓட்டல் பாரில் குடிப்பதாக இருந்தால் அதற்குத் தனி பில் போடச் சொல்லுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வாட் வரிதான். சாப்பாட்டுப் பில்லோடு சேர்ந்து வந்தால் அந்த வாட் வரி தனியாகக் கண்ணில் குத்தும். பயணச் செலவுக் கணக்குப் பார்க்கிறவர் முதலில் பென்சிலால் சுழிப்பது அதைத்தான். நான் சுழிப்பேன்.