கேளுங்க சொல்றோம்: 4 ஜிபி லேப்டாப்ல ஆப் செய்யலாமா?

கே: யூடியூப்ல சொன்னாங்கன்னு பில்ட் நம்பர ஏழு தடவ தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ங்கற மறைஞ்சிருக்கற செட்டிங்ஸ ஆன் பண்ணிட்டேன், உள்ள போனா ஒண்ணும் புரியல. எதை மாத்தினா போன் ஸ்பீடாகும்?
(திருப்பூர் வாசகர்)

ப: நெஜமா ஸ்பீடாக்கற சுவிட்ச் அங்க கிடையாதுங்க. திரையில வர்ற அசைவு (அனிமேஷன்) எவ்வளவு நேரம் ஓடணும்னு சொல்ற விண்டோ, ட்ரான்சிஷன், அனிமேட்டர்னு மூணு ஸ்கேல் இருக்கும், மூணையும் 1லேர்ந்து 0.5க்கு மாத்துங்க, அனிமேஷன் பாதி நேரத்துல முடிஞ்சு போன் சட்டுபுட்டுனு நகர்ற மாதிரி தெரியும், ப்ராசசர் என்னவோ அதே பழசுதான். யூஎஸ்பி டீபக்கிங்க (கேபிள் வழியா கம்ப்யூட்டர் போனுக்குள்ள வேலை பாக்க விடற சுவிட்ச்) மட்டும் தொடாதீங்க, அது ஆன்ல இருந்தா சில பேங்க் ஆப் திறக்கவே மாட்டேன்னு அடம்பிடிக்கும்.

கே: பி.காம் படிக்கிறேன், கோடிங் சுத்தமா தெரியாது. அம்மா வீடு வீடா பால் ஊத்தறாங்க, அந்தக் கணக்கு நோட்டுக்கு ஒரு ஆப் நானே செஞ்சு தரணும். ஆப் செய்யற சாஃப்ட்வேர்னு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போட்டேன், 4 ஜிபி ரேம் லேப்டாப் அப்படியே நின்னுடுச்சு.
(ஈரோடு வாசகி)

ப: நிக்காம என்னம்மா பண்ணும், அதுக்கு 8 ஜிபியாவது வேணும்னு கூகுளே சொல்லுது. தூக்கிடுங்க. எம்ஐடி ஆப் இன்வென்டர்னு ஒண்ணு இருக்கு, 2010ல கூகுள் ஆரம்பிச்சு அப்புறம் அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்து கைக்குப் போனது, இலவசம், பிரவுசர்லயே ஓடும். கோடு டைப் பண்ண வேண்டாம், 'இந்த பட்டனத் தொட்டா இதச் செய்'ங்கற மாதிரி ப்ளாக்குகள இழுத்து மாட்டறதுதான் வேலை, போன்ல அதோட கம்பேனியன் ஆப்ப போட்டு க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணிட்டா லேப்டாப்ல மாத்த மாத்த போன்ல தெரியும் (ரெண்டும் ஒரே வைஃபைல இருக்கட்டும், நிறைய பேர் முழிக்கறது இங்கதான்).

எடுத்த எடுப்புல மாச பில், வாட்ஸ்அப் மெசேஜ்னு எறங்காதீங்க. ஒரே ஒரு வீடு, எத்தன லிட்டர், லிட்டர் என்ன விலை, பெருக்கிக் காட்டட்டும். அது சரியா வந்தா டைனிடிபில (ஆப் இன்வென்டர்லயே இருக்கற, தகவல சேமிச்சு வைக்கற பகுதி) சேமிக்கப் பழகுங்க, ஆனா அதுல போடறது போனுக்குள்ள மட்டும்தான் இருக்கும், ஆப்ப அழிச்சா கணக்கும் போச்சு, அதனால கொஞ்ச மாசம் நோட்டும் கூடவே ஓடட்டும். பட்டனெல்லாம் பெருசா வைங்க, விடியக்காலை இருட்டுல ஈரக்கையோட அமுக்கப் போறது அம்மா.

ப்ளே ஸ்டோர்ல போட 25 டாலர் கட்டணும், ஒரு தடவதான், ஆனா ஒரே ஆளுக்கு அது எதுக்கு? ஏபிகே ஃபைலா (ஆண்ட்ராய்டு ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஃபைல்) எடுத்து அம்மா போன்ல நேரா இன்ஸ்டால் பண்ணுங்க, ப்ளே ஸ்டோருக்கு வெளியேர்ந்து வர்றதுனால அன்நோன் ஆப்ஸ் அனுமதி கேக்கும், குடுத்துட்டு வேலை முடிஞ்சதும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க. கோட்லின் (ஆண்ட்ராய்டு ஆப் எழுதற கோடிங் மொழி) எல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம்.