வாசகர் கேட்டவை: பால்டேயஸ் கண்டதும் கேட்டதும்

கேள்வி: ஒல்லாந்தப் (டச்சு) போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் எழுதிய இலங்கை வரலாற்றை உயர்தர மாணவரின் ஒப்படைக்கு எடுத்திருக்கிறோம். திருகோணமலை பற்றி அவர் எழுதியதைக் கண்கண்ட சாட்சியாகக் கொள்ளலாமா?
– ஆசிரியை, உவர்மலை

பதில்: கொள்ள வேண்டாம். அவருடைய வாழ்க்கையே அதற்குக் காரணம் சொல்லும். 1632இல் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். 1658இல் ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸின் படையோடு போதகராக வந்து, மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் விழுந்ததைக் கண்டார். பிறகு 1665 வரை யாழ்ப்பாணத்தில் பணி. தமிழ் கற்றார், கோயிற்பற்றுகள் (தேவாலயத்தை மையமாகக் கொண்ட பிரிவுகள்) தோறும் போய்ப் பாடசாலைப் பிள்ளைகளின் தொகையைக் குறித்துவைத்தார். தெல்லிப்பழை, மல்லாகம் பற்றிய அந்தப் பக்கங்கள் பொன்னானவை. அவரளவு நுணுக்கமாக அந்தக் காலத்து வடக்கை எழுதிவைத்தவர்கள் மிகச் சிலரே.

திருகோணமலையின் கதை வேறு. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தது 1639இல். அப்போது பால்டேயஸுக்கு ஆறேழு வயது! சில ஆண்டுகளில் அதைக் கைவிட்ட ஒல்லாந்தர் 1665இல் திரும்பி வந்தபோது, அவருடைய இலங்கைப் பணி முடியும் தறுவாயில் இருந்தது. ஆகவே இந்த ஊர் பற்றி அவர் தருவது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் கடிதங்களிலும் பிறர் வாயிலும் இருந்து வந்தது.

நூலில் இந்து தெய்வங்களைப் பற்றிய மூன்றாம் பாகத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதில் பெரும்பகுதி, மலையாளக் கரையில் இருந்த யேசுசபைக் குரு பெனிசியோவின் கையெழுத்துப் பிரதியைத் தழுவியது. அதைக் கோணேசர் கோயில் வழிபாட்டுக்குச் சான்றாகக் காட்டினால் ஒப்படையே பிழையாகிவிடும்.

எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். டச்சு மூலம் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆங்கிலப் பதிப்பு ஜெர்மன் வழியாக வந்தது. பெயர்களும் எண்களும் இரண்டு முறை கைமாறியவை. பீட்டர் புரோகியர் டச்சிலிருந்து நேரே பெயர்த்த இலங்கைப் பகுதி கிடைத்தால் அதையே எடுங்கள்.

மாணவர் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. நூலில் ‘மலபார் மொழி’ என்று வருவது தமிழ்தான். கேரளம் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். தூரம் ஒல்லாந்த மைலில் இருக்கும்: ஒரு மைல் ஏறக்குறைய 7.4 கிலோமீற்றர். ஆங்கில மைலாகக் கணக்கிட்டால், திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடா வரைபடத்தில் எங்கோ போய் நிற்கும்.